ஐந்து பக்க பயோடேட்டாவை நம்பி 6,80,000 ரூபாயை அனுப்பினேன்

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை 9.40 இருக்கும். அயனாவரத்தில் என் வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது, மகனுக்கு புனேயில் வேலை. குக்கரில் பருப்பு வைத்துவிட்டு விசிலுக்காகக் காத்திருந்தபோது போன் வந்தது. என் ஆதார் எண்ணைப் போட்டு மும்பையிலிருந்து வெளிநாட்டுக்கு ஒரு பார்சல் போயிருக்கிறதாம், அதில் போதைப்பொருள் இருந்ததாம். நான் அனுப்பவில்லை என்றேன். "அப்படியானால் உடனே புகார் பதிவு செய்துவிடுங்கள், லைனை மாற்றிக் கொடுக்கிறேன்" என்றான். அந்த லைனைத் துண்டித்திருந்தால் அன்று சாம்பார் மட்டும்தான் கெட்டிருக்கும். துண்டிக்கவில்லை. அடுத்த 31 மணி நேரம் அந்த போனோடுதான் இருந்தேன், தூங்கும்போதும்.

இந்த மோசடியைப் பற்றி இப்போது பலரும் எழுதிவிட்டார்கள். பார்சல், மும்பை போலீஸ், வீடியோ கால், "டிஜிட்டல் அரெஸ்ட்" (வீடியோ காலிலேயே கைது செய்துவிட்டோம் என்று மிரட்டி நகரவிடாமல் வைப்பது) என்ற வார்த்தை எல்லாம் அதே வரிசையில்தான் எனக்கும் நடந்தது. அதைத் திரும்ப விரிவாகச் சொல்லப் போவதில்லை. என்னை விழவைத்தது வேறு ஒன்று. ஒரு பெரிய போலீஸ் அதிகாரியின் பயோடேட்டா. அதைப் பற்றி யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா சென்னை போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பிறந்து வளர்ந்தது கொண்டித்தோப்பு போலீஸ் லைனில், அதாவது காவலர் குடியிருப்பில். லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும், பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால் முதல் நாள் ராத்திரியே வீட்டின் காற்று மாறிவிடும். அப்பா வாசல் திண்ணையில் உட்கார்ந்து பெல்ட்டின் பித்தளை பக்கிளுக்கு பிராசோ போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பார். விளக்கு வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எங்களைச் சத்தம் போடாதே என்பார். சர்வீஸ் முழுக்க அவர் ஒரு டி.ஜி.பி.யிடம் நேருக்கு நேர் பேசியது ஒரே ஒரு முறை. அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாளில், கடற்கரைச் சாலை டி.ஜி.பி. அலுவலகத்தில். "எந்த ஊர்ப்பா?" என்று அவர் கேட்டாராம். அந்த ஒரு கேள்வியை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மரியாதை எனக்கு ரத்தத்திலேயே ஊறியது. அதில் எனக்கு இப்போதும் வெட்கம் இல்லை. ஆனால் அந்த மரியாதையைப் பிடித்துத்தான் என்னை இழுத்தார்கள்.

செவ்வாய் மாலை வரை நான் நம்பவில்லை. பயந்தேன், ஆனால் மனதின் ஒரு ஓரத்தில் சந்தேகம் இருந்தது. "எங்கப்பாவே போலீஸ்தான், எனக்கும் சட்டம் தெரியும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. அரை மணி நேரத்தில் வேறொருவன் திரையில் வந்தான். வயதான முகம், நரைத்த மீசை, காக்கிச் சட்டை, பின்னால் தேசியக் கொடி. பக்கத்தில் இருந்தவன் எழுந்து நின்று சல்யூட் அடித்தான். வந்தவன் தமிழில் பேசினான். "உங்க அப்பா ஏட்டா? எந்த ஸ்டேஷன்? அப்ப நீ நம்ம டிபார்ட்மென்ட் பொண்ணு. பயப்படாதே தங்கச்சி, இந்த கேஸை நானே பார்க்கிறேன்" என்றான். காலையிலிருந்து மிரட்டல் குரல்களையே கேட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, தங்கச்சி என்ற சொல்லைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

அவன் தன்னை "தேசிய காவல்துறைத் தலைவர்" என்று சொல்லிக்கொண்டான். இரவு ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வந்தது. ஐந்து பக்கம். அவனுடைய முழு வரலாறு. "நான் யார் என்று நீயே படித்துத் தெரிந்துகொள், அப்புறம் நம்பினால் போதும்" என்று ஒரு குரல் செய்தியும் கூடவே. தென்காசிப் பக்கம் பூர்வீகம். அப்பாவும் ஐ.பி.எஸ்., 1964இல் ஹைதராபாத் அகாடமியில் பயிற்சி. அம்மா அரசுப் பள்ளித் தலைமையாசிரியை. இவர் 1981 பேட்ச் (அந்த ஆண்டு பணியில் சேர்ந்தவர்), தமிழர் என்பதால் தமிழ்நாடு கேடர் (பணிக்கு ஒதுக்கப்பட்ட மாநிலம்). மனைவி டாக்டர், இரண்டு மகள்கள், மூத்தவள் ஐ.ஏ.எஸ். நடுவில் ஒரு குடும்பப் புகைப்படம், கோயில் வாசலில் எடுத்தது. கடைசிப் பக்கம் முழுக்கப் பதக்கங்கள். நான் அதை இரண்டு முறை படித்தேன். படிக்கப் படிக்க எனக்குள் இருந்த சந்தேகம் கரைந்துபோனது. ஒரு திருடன் தன் அம்மா வேலை பார்த்த பள்ளியின் பெயர் வரை எழுதுவானா என்று தோன்றியது. அதிகாரியின் பேட்சும் கேடரும் தெரிந்தால் ஆளையே தெரிந்த மாதிரி என்று அப்பா சொல்வார். இரண்டும் அதில் இருந்தன.

மறுநாள் புதன்கிழமை. "உன் பணம் சுத்தமானது என்று ரிசர்வ் வங்கி சரிபார்த்துவிட்டு இரண்டு நாளில் திருப்பி அனுப்பும்" என்றார்கள். காலை 11 மணிக்கு வங்கிக்குப் போய் 4,50,000 ரூபாயை ஆர்.டி.ஜி.எஸ். போட்டேன். போன் கைப்பையில், லைன் திறந்தபடி. கவுன்டரில் இருந்த பெண் "யாருக்கும்மா இவ்வளவு பெரிய தொகை?" என்று கேட்டாள். சொந்தக்காரர் இடம் வாங்குகிறார் என்றேன், அவர்கள் சொல்லிக்கொடுத்தபடி. வாழ்க்கையில் அவ்வளவு சரளமாகப் பொய் சொன்னதே இல்லை. மதியம் 2 மணிக்கு போனிலிருந்தே இன்னும் 2,30,000. முதல் தொகை கணவரின் பி.எஃப். பணம், இரண்டாவது அப்பா எனக்கென்று போட்டு வைத்த டெபாசிட் முதிர்ந்து வந்தது. மாலை 4.30க்கு "விசாரணை முடிந்தது, யாரிடமும் சொல்லாதே, தேச ரகசியம்" என்று சொல்லிவிட்டு லைனை வைத்தார்கள். அதற்குப் பிறகு எந்த எண்ணும் வேலை செய்யவில்லை.

ஏமாந்துவிட்டேன் என்று அன்று இரவு எட்டு மணிக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கு போன் போட்டது வியாழக்கிழமை காலை 11 மணிக்கு. நடுவில் இருந்த அந்தப் பதினைந்து மணி நேரம் நான் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகனிடம் எப்படிச் சொல்வது, ஏட்டு மகள் இப்படி ஏமாந்தாளா என்று லைன்காரர்கள் பேசுவார்களே என்ற நினைப்புதான். அந்த வெட்கத்துக்கு நான் கொடுத்த விலை என்னவென்று பிறகு தெரிந்தது. எடுத்த எடுப்பிலேயே 1930ஐ அழைத்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. நான் அழைத்த நேரத்துக்குள் என் பணம் நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து போய்விட்டது. ஒரே ஒரு கணக்கில் மட்டும் 1,12,000 ரூபாய் மாட்டியது. யாருக்காவது இது நடந்தால், அழுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதலில் 1930. பணப் பரிமாற்றத்தின் யு.டி.ஆர். எண், நேரம், தொகை, எந்தக் கணக்கு என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர்கள் வரிசையாக அதைத்தான் கேட்பார்கள். உங்கள் வங்கிக் கிளைக்கும் அதே நிமிடம் சொல்லுங்கள். சைபர்கிரைம் இணையதளத்தில் புகாரைப் பதியும்போது வரும் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். நான் கோபத்தில் பாதியை அழித்துவிட்டேன், தப்பியது அந்த பி.டி.எஃப்.பும் சில ஸ்கிரீன்ஷாட்டுகளும்தான்.

அந்த ஐந்து பக்கத்தை அச்செடுத்து என் எதிரில் உட்கார்ந்து படித்தவர், லைனில் எங்கள் பக்கத்து வீட்டில் வளர்ந்த அண்ணன். இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். முதல் வரியிலேயே கோடு போட்டார். "தேசிய காவல்துறைத் தலைவர்னு இந்தியாவுல ஒரு போஸ்ட்டே கிடையாதும்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பத்தாறு வயது வரை போலீஸ் குடும்பத்தில் இருந்த எனக்கு அது தெரியவில்லை. இலங்கையிலும் மலேசியாவிலும் நாட்டுக்கே போலீஸ் தலைவராக ஒரு ஐ.ஜி.பி. உண்டு. இலங்கையில் 1982 முதல் 1985 வரை ருத்ரா ராஜசிங்கம் என்ற தமிழரே அந்தப் பதவியில் இருந்திருக்கிறார். நம் அரசியல் சட்டத்தில் காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு டி.ஜி.பி. தலைவர். தில்லியில் இருப்பவர்கள் சி.பி.ஐ. இயக்குநர், உளவுத்துறையான ஐ.பி.யின் இயக்குநர், சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற படைகளின் தலைமை இயக்குநர்கள். இவர்களில் யாரும் இன்னொருவருக்கு மேலதிகாரி இல்லை. யாரும் நாடு முழுதுக்குமான போலீஸ் தலைவர் இல்லை.

அடுத்த கோடு 1981 பேட்ச்சில். அண்ணன் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக் காட்டினார். குடிமைப் பணித் தேர்வு எழுதக் குறைந்தபட்சம் 21 வயது ஆக வேண்டும். 1981இல் சேர்ந்தவர் 1960க்குள் பிறந்திருக்க வேண்டும். ஐ.பி.எஸ்.காரர்களுக்கு ஓய்வு 60 வயதில். ஆக, 2020ஐத் தாண்டி அந்த ஆள் காக்கியில் இருக்க வழியே இல்லை. பேட்ச் என்றால் வெறும் பெருமைக்கான எண் என்று நினைத்திருந்தேன், அதை வைத்து ஒருவரின் வயதையும் பதவியையும் ஓய்வையும் ஏறக்குறையக் கணக்கிட்டுவிடலாம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஏ.எஸ்.பி.யாகத் தொடங்கி எஸ்.பி., டி.ஐ.ஜி., ஐ.ஜி., ஏ.டி.ஜி.பி., டி.ஜி.பி. என்று ஏறுவதற்கு முப்பது வருடம் பிடிக்கும். தலைமைப் பதவிக்கு வருகிறவர் ஓய்வுக்கு ரொம்பப் பக்கத்தில்தான் இருப்பார்.

பிறகு கேடர். தமிழர், அதனால் தமிழ்நாடு கேடர் என்று எழுதியிருந்ததைப் பார்த்து அண்ணன் தலையை ஆட்டினார். பிறந்த ஊரும் கேடரும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. சொந்த மாநிலம் கிடைக்காதவர்கள்தான் அதிகம். அவர் சொன்ன உதாரணங்கள் மனதில் நின்றுவிட்டன. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய டி.ஆர்.கார்த்திகேயன் கோவை மாவட்டத்துக்காரர், ஆனால் கர்நாடக கேடர். 1998இல் சி.பி.ஐ.யின் பொறுப்பு அவரிடம் வந்தது. எம்.கே.நாராயணன் மலையாளி, ஆனால் நம்முடைய கேடர். ஐ.பி. இயக்குநராகி, பிற்பாடு தேசியப் பாதுகாப்பு ஆலோசகராகவும் மேற்கு வங்க ஆளுநராகவும் இருந்தவர். அதற்கும் முன்னால் 1968இல் எஃப்.வி.அருள் நம் சென்னை போலீஸிலிருந்து போய் சி.பி.ஐ. இயக்குநர் ஆனார். குடும்பப் பின்னணியைப் பார்த்து மயங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் சொன்னார். இந்திரா காந்தி 1977இல் கைதானபோது சி.பி.ஐ.யில் இணை இயக்குநராக இருந்த வி.ஆர்.லட்சுமிநாராயணன், நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யரின் தம்பி. பின்னால் தமிழ்நாட்டின் டி.ஜி.பி. ஆனார். "இதெல்லாம் நாம பத்திரிகையில படிச்சுத் தெரிஞ்சுக்கிறது. தன் அண்ணன் யாரு, அப்பா யாருன்னு குற்றம் சாட்டப்பட்ட ஆளுக்கு அனுப்பி வைக்கிற அதிகாரி உலகத்துலயே இருக்க முடியாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை யாராவது எனக்குச் செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்னும் நினைக்கிறேன்.

ஹைதராபாத் அகாடமியில் வந்து பேனா மறுபடி நின்றது. சர்தார் வல்லபபாய் படேல் தேசிய போலீஸ் அகாடமி 1948இல் ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில்தான் தொடங்கியது. ஹைதராபாத்துக்கு மாறியது 1975இல். 1964இல் அங்கே பயிற்சி எடுத்த அப்பா எங்கிருந்து வருவார்? பதக்கப் பக்கத்தில் "அக்டோபர் 2ஆம் தேதி அறிவிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் பதக்கம்" என்று இருந்தது. அவை குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் அறிவிக்கப்படுபவை. அப்பா ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் பேப்பரில் அந்தப் பட்டியலைத் தேடிப் படிப்பார். நானும் கூட உட்கார்ந்து படித்திருக்கிறேன். அது கூட அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

கடைசியில் ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தோம். தோள்பட்டையில் சிங்க முத்திரையும் மூன்று நட்சத்திரமும். அது டி.ஐ.ஜி.யின் அடையாளம். டி.ஜி.பி. என்றால் சிங்க முத்திரைக்குக் கீழே வாளும் தடியும் குறுக்காக இருக்க வேண்டும். எனக்கு இன்ஸ்பெக்டர் வரைக்கும் தோளைப் பார்த்தே பதவி சொல்லத் தெரியும், அதற்கு மேல் நிமிர்ந்து பார்த்துப் பழக்கமில்லை. இத்தனைக்கும் நாடு முழுக்க வழக்குகளை விசாரிக்கும் சி.பி.ஐ.காரர்கள்கூடப் பெரும்பாலும் சாதாரண உடையில்தான் வேலை பார்ப்பார்கள். அவ்வளவு நேரம் காக்கியோடு கேமரா முன் உட்கார்ந்திருந்ததே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

சி.பி.ஐ. இயக்குநர் எப்படி வருகிறார் என்பதையும் பிறகு படித்தேன், மனம் ஆறுவதற்காகவே படித்தேன் என்று வையுங்கள். 1963 ஏப்ரல் 1இல் தொடங்கிய அமைப்பு அது. பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி அல்லது அவர் நியமிக்கும் நீதிபதி என மூன்று பேர் கொண்ட குழு பரிந்துரைத்துத்தான் இயக்குநர் நியமனம். குறைந்தது இரண்டு ஆண்டுப் பதவிக்காலம், 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஐந்து ஆண்டு வரை நீட்டிக்கலாம். மாநில டி.ஜி.பி. நியமனத்துக்கும் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. யு.பி.எஸ்.சி. தரும் மூன்று பேர் பட்டியலிலிருந்து ஒருவரை மாநில அரசு தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படி வருகிற ஒருவருடைய பெயர் ஊருக்கே தெரியும். சி.பி.ஐ. இணையதளத்தில் இயக்குநர் பெயர் இருக்கிறது. ஐ.பி.எஸ். அதிகாரிகளின் சிவில் லிஸ்ட் பொதுவில் கிடைக்கிறது, அதில் பெயர், பேட்ச், கேடர், பிறந்த தேதி எல்லாம் உண்டு. பத்து நிமிட வேலை. ஆனால் உண்மையான அதிகாரியின் பெயரையும் படத்தையும் வைத்தே ஏமாற்றுகிறார்கள் என்பதால், விவரம் பொருந்திவிட்டால் ஆள் உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீடியோ காலில் கைது செய்ய இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. பிரதமர் அக்டோபர் 27 வானொலி உரையில் இதையே சொல்லியிருக்கிறார், எனக்கு அந்த அழைப்பு வருவதற்குப் பதினாறு நாள் முன்பு. நான் கேட்கவில்லை. உண்மையில் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தியாக வேண்டும். சாட்சியாக விசாரிக்க வேண்டுமானாலும் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும். பணத்தை "சரிபார்க்க" அனுப்பச் சொல்லும் போலீஸ் எங்கேயும் கிடையாது.

மகனிடம் வெள்ளிக்கிழமைதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அம்மா, சாப்பிட்டியா?" என்றான். சனிக்கிழமை காலை விமானத்தில் வந்து இறங்கிவிட்டான். புகார் கொடுக்கப் போனபோது கூடவே வந்தான். முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது, அப்புறம் எஃப்.ஐ.ஆர். அதன் நகல் கையில் இருந்தால்தான் வங்கியும் கோர்ட்டும் மேற்கொண்டு பேசும், அதனால் கேட்டு வாங்கிவிடுங்கள். நிறுத்தி வைக்கப்பட்ட 1,12,000 தானாகத் திரும்பி வராது. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் மனு போட்டு உத்தரவு வாங்கி வங்கிக்குக் கொடுக்க வேண்டும். வக்கீலுக்கு 8,000, அலைச்சலுக்கும் நகல்களுக்கும் ஒரு 3,000. ஐந்து மாதம் கழித்து, 2025 ஏப்ரலில் பணம் கணக்கில் ஏறியது. மீதி 5,68,000க்கு வழி இன்னும் தெரியவில்லை. பணத்தைவிட எனக்கு வலிப்பது அப்பாவின் டெபாசிட்தான். மாதம் 200, 300 என்று மிச்சம் பிடித்தவர் அவர்.

ரொம்ப நாளைக்கு காக்கிச் சட்டையைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும். என் வழக்கை விசாரித்த பெண் எஸ்.ஐ. வீட்டுக்கு வந்தபோது, வாசலிலேயே அடையாள அட்டையை எடுத்துக் காட்டிவிட்டு, "ஸ்டேஷன் நம்பருக்குப் போன் போட்டு என் பேரைக் கேட்டுட்டு அப்புறம் கதவைத் திறங்கம்மா, நான் வெளியவே நிக்கிறேன்" என்றார். நான் போன் போட்டேன். கேட்டேன். அதுவரை அவர் மாடிப்படியில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்தவருக்கு மோர் கொடுத்தேன். சுவரில் அப்பாவின் யூனிஃபார்ம் படத்தைப் பார்த்துவிட்டு "எந்த ஸ்டேஷன்ல இருந்தாங்க?" என்று கேட்டார்.

பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. மோரைக் குடித்து முடித்துவிட்டு, அந்தச் சிவப்புக் கோடு போட்ட ஐந்து பக்கத்தையும் வழக்குக் கோப்பில் வைப்பதற்காக வாங்கிக்கொண்டு போனார்.